கரையில் ஒரு காது

படம் அரை மணி நேரம்தான். கறுப்பு வெள்ளை. 1938இல் ஸ்காட்லாந்தின் அபர்டீன் துறைமுகத்து மீனவர்களை வைத்து ஹாரி வாட் இயக்கிய ‘நார்த் சீ’. தயாரித்தது பிரிட்டனின் தபால் துறை. தபால் துறைக்கும் சினிமாவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். அந்தத் துறைக்குச் சொந்தமாக அன்று ஒரு ஃபிலிம் யூனிட் இருந்தது. ஓடும் ரயிலில் கடிதம் பிரிக்கும் ஊழியர்களைக் காட்டிய ‘நைட் மெயில்’ (1936) அதே யூனிட்டின் படம். அதிலும் வாட்டுக்குப் பங்கு உண்டு. கடலில் போகும் படகோடு கரையிலிருந்து பேசுகிற வயர்லெஸ் சேவையும் தபால் துறையின் கையில்தான் இருந்தது. அந்தச் சேவைக்கு ஒரு விளம்பரம் வேண்டியிருந்தது. விளம்பரம் கேட்ட இடத்தில் வாட் ஒரு புயலைக் கொடுத்தார்.

1970களின் பிற்பாதியில் திருவனந்தபுரத்து ஃபிலிம் சொசைட்டி ஒன்றின் 16 எம்.எம். காட்சியில் அதைப் பார்த்தவர்களில் சாலைக் கடைத்தெருவில் வளர்ந்த தமிழர் ஒருவரும் இருந்தார். இருபது தாண்டிய வயது. அரசுக் கணக்குத் தணிக்கை அலுவலகமான ஏஜீஸ் ஆபீஸில் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. அந்த ஊரில் ஏஜீஸ் ஆபீஸ்காரர்கள் இல்லாமல் எந்த ஃபிலிம் சொசைட்டியும் நடந்ததில்லை. அடூர் கோபாலகிருஷ்ணனும் நண்பர்களும் 1965இல் தொடங்கிய சித்ரலேகா ஃபிலிம் சொசைட்டி கிளப்பிவிட்ட மோகம் அது. தூதரகங்களிலிருந்து பெட்டி வரும், அட்டவணையில் இல்லாத படமெல்லாம் பெட்டியில் இருக்கும். அன்றும் முழுநீளப் படத்துக்கு முன்னால் ‘ஒரு சின்னப் படம்’ என்று அறிவித்துப் போட்டார்கள். முழுநீளப் படம் எது என்பது அவருக்கு எப்போதோ மறந்துபோயிற்று. சின்னப் படம் மறக்கவில்லை.

கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ‘ஜான் கில்மன்’ என்ற இழுவலைப் படகு அபர்டீனிலிருந்து புறப்படுகிறது. வலை போடுகிறார்கள், மீன் ஏறுகிறது, காற்று மாறுகிறது. படகுக்குள் தண்ணீர் வருகிறது, பம்பு சரிவர ஓடவில்லை. கரையோடு இருந்த வானொலித் தொடர்பு அறுந்துபோகிறது. ஆட்கள் போராடிப் படகைக் காப்பாற்றித் திரும்புகிறார்கள். நடித்தவர்கள் நடிகர்கள் அல்லர், அபர்டீனின் நிஜ மீனவர்கள். படகின் உள்ளறைக் காட்சிகளை மட்டும் ஸ்டூடியோவில் செட் போட்டு எடுத்தார்கள் என்பதை அவர் பிற்பாடு எங்கோ வாசித்துத் தெரிந்துகொண்டார். வாசித்தபோது ஏமாற்றமாக இல்லை. அந்தச் சின்ன அறைக்குள் கேமராவும் ஆளும் எப்படி நுழைந்தார்கள் என்ற பழைய சந்தேகம் தீர்ந்தது, அவ்வளவுதான்.

அவரைப் பிடித்துக்கொண்டது புயலும் இல்லை, அலையும் இல்லை. படம் நடுநடுவே கடலை விட்டுவிட்டு ஓர் அறைக்குப் போகும். ஸ்காட்லாந்தின் வட கோடியில் விக் என்ற ஊரின் வானொலி நிலையம். காதில் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு ஓர் ஆள். படகின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். பதில் இல்லை. மறுபடி கூப்பிடுகிறார். அவர் எதையும் ஓட்டவில்லை, யாரையும் தூக்கிக் கரையேற்றவில்லை. கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது அவருடைய வேலை. அதற்கு மாதச் சம்பளம் உண்டு, இரவு ஷிஃப்ட் உண்டு. ஒரு குமாஸ்தாவைக் கதாநாயகனாக வைத்து ஒரு படம் எடுக்க முடியும் என்பதே ஏஜீஸ் ஆபீஸ் குமாஸ்தாவுக்குப் புதிய செய்தி.

இத்தனைக்கும் கடல் அவருக்குப் புதிதல்ல. அப்பாவுக்குச் சாலையில் கயிற்றுக் கடை. தேங்காய் நார்க் கயிறு, பருத்தி நூல், பிறகு நைலான், தூண்டில் முள், ஈயக் குண்டு. பூந்துறை, வலியதுறை, விழிஞ்ஞம், அடிமலத்துறை, தெற்கே பொழியூர் வரை வாடிக்கை. கன்னியாகுமரிப் பக்கம் 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகும் நீரோடி, வள்ளவிளை, தூத்தூர்க்காரர்கள் சாலைக்கு வருவது நிற்கவில்லை. எல்லைக் கல் நட்டது நிலத்தில்தானே. அவர்கள் பேசுவதில் எது தமிழ், எது மலையாளம் என்று பிரிக்க அப்பா முயன்றதே கிடையாது. வாங்குகிற கயிற்றின் புரியைப் பிரித்து, எச்சில் தொட்டு முறுக்கி, இரண்டு கையாலும் வெட்டி இழுத்துப் பார்த்துத்தான் எடுப்பார்கள். சிறு பையன் கண்ட கடல் பாதுகாப்புச் சோதனை அது ஒன்றுதான்.

பற்று நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் வீட்டுப் பெயரும் கோயில் பங்கின் பெயரும் இருக்கும். பெரும்பாலும் ஆடி கழிந்து மீன் பாடு வந்ததும் கணக்குத் தீரும். சில கணக்குகள் தீராது. ஒரு காலவர்ஷம் (தென்மேற்குப் பருவமழை) முடிந்ததும் அப்பா சில பெயர்களின் மேல் குறுக்கே கோடு இழுத்துவிட்டுப் பக்கத்தைத் திருப்புவார். அந்த வீடுகளுக்குப் போய்க் கடனைக் கேட்டதில்லை. அது தர்மமா, அடுத்த தலைமுறையையும் கடைக்கு வரவைக்கும் வியாபாரப் புத்தியா என்று மகனுக்கு விளங்கியதில்லை. இரண்டும் கலந்ததுதான் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் காலத்தில் அந்தக் கரையின் வாகனம் கட்டுமரம். ‘மரத்துக்குப் போறது’ என்றால் கடலுக்குப் போவது. இலேசான மரத்தில் செதுக்கிய கட்டைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டுவார்கள். கரைக்கு வந்ததும் அவிழ்த்துக் கட்டைகளை மணலில் காயப்போடுவார்கள். ஆணி கிடையாது, தளம் கிடையாது, தண்ணீர் நிறைவதற்குக் குழி கிடையாது. ஏறும் அலை கட்டைகளின் இடுக்கு வழியே இறங்கிப் போய்விடும். கவிழ்ந்தால் புரட்டி ஏறிக்கொள்ளலாம். வசதி என்று அதில் எதுவும் இல்லை. இடுப்புக்குக் கீழே எப்போதும் ஈரம்தான். ஆனால் மூழ்கிப்போகிற பொருள் அல்ல அது. கரையில் தெரியும் மலை, கோபுரம், தென்னந்தோப்பு எல்லாவற்றையும் ஒன்றுக்கு நேர் ஒன்று வைத்து ‘கணிச்சம்’ பார்த்துக் கடலடிப் பாரின் (பாறைத் திட்டின்) இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். கணிச்சம் கண்ணுக்குத் தெரிகிற தூரம் வரை கரையும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம்.

1947இல் தோர் ஹெயர்டால் என்ற நார்வேக்காரர் இன்னும் ஐந்து பேரோடு பால்சா மரத் தெப்பத்தில் பெருவிலிருந்து கிளம்பி 101 நாள் பசிபிக்கில் மிதந்து ரரோயா தீவின் பவளப்பாறையில் போய் முட்டினார். கட்டைகள் நீர் ஊறி மூழ்கிவிடும், கயிறுகள் தேய்ந்து அறுந்துவிடும் என்று விவரமானவர்கள் எச்சரித்திருந்தார்கள். இரண்டும் நடக்கவில்லை. மென்மையான மரத்தில் கயிறு பதிந்து தனக்கே ஒரு பள்ளம் செய்துகொண்டு பத்திரமாக உட்கார்ந்துவிட்டது. சாலைக் கடைக்கு வந்த யாரைக் கேட்டிருந்தாலும் இதைச் சொல்லியிருப்பார்கள். அந்தப் பயணத்தின் ஆவணப்படம் ‘கோன்-டிக்கி’ ஆஸ்கர் வாங்கியது. அதற்குச் சில மாதங்களுக்குப் பிறகு, 1952 அக்டோபரில், நார்வே அரசு இந்தியாவோடும் ஐ.நா.வோடும் ஓர் ஒப்பந்தம் போட்டது. 1953இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் இறங்கியது. தெப்பத்தைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய நாட்டிலிருந்து கேரளக் கரைக்கு வந்து சேர்ந்தவை இயந்திரப் படகுகள்.

நார்வேக்காரர்களைக் கேலி செய்து முடித்துவிட முடியாது. குடிநீரும் மருத்துவமனையும் அந்தத் திட்டத்தில் வந்தன. இயந்திரம் வந்ததால் இறால் வந்தது, இறாலால் டாலர் வந்தது. 1980களின் தொடக்கத்தில் நாட்டுப் படகுகளிலும் வெளிப்பொருத்து எஞ்சின் ஏறிற்று. மண்ணெண்ணெய் இருக்கும் வரை போகலாம், முன்பு போகாத ஆழத்துக்குப் போகலாம். இடையில் நல்லெண்ணம் கொண்டவர்கள் கட்டுமரத்தின் குணத்தைப் புதிய பொருளில் மீட்கவும் பார்த்தார்கள். குமரிக் கரையின் முட்டத்தில் பியேர் கில்லே என்ற பெல்ஜியப் பாதிரியார் பிளைவுட் படகுகள் கட்டினார். 1980இல் திருவனந்தபுரத்தில் உருவான மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, சிஃப்ஸ், அந்த வேலையைப் பரவலாக்கியது. பிளைவுட் வந்ததும் கடையில் நார்க் கயிறு விற்பது சுருங்கியது. அப்பாவுக்கு அதில் வருத்தம் உண்டு. வாடிக்கையாளர்களுக்கு இல்லை, முதுகு வலி குறைந்தது என்றார்கள்.

கடலில் ஒருவன் பத்திரமாக இருப்பதற்கு யார் பொறுப்பு? சினிமா இதற்கு வேறு வேறு பதில் சொல்லியிருக்கிறது. அவர் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்த ‘செம்மீன்’ (1965) தந்த பதில், கரையில் இருக்கும் மனைவி. அவள் கற்போடு இருந்தால் கடலம்மா கணவனைக் காப்பாள். தகழியின் நாவலை ராமு காரியாட் படமாக்கினார். மார்க்கஸ் பார்ட்லியின் வண்ண ஒளிப்பதிவில் கடல் தகதகத்தது, ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் கிடைத்தது. கடைக்கு வந்த பூந்துறைக்காரர்களிடம் பையன் ஆர்வமாக இதைப் பற்றி விசாரித்திருக்கிறான். ஒருவர் மட்டும் சிரிக்காமல் பதில் சொன்னார்: “தம்பி, அப்படிப் பாத்தா தியேட்டர்ல உக்காந்திருக்கவனெல்லாம் பத்திரமா வீட்டுக்குப் போமுடியுமா?”

இரண்டாவது பதில் ஃபிலிம்ஸ் டிவிஷன் பாணி. 1948இல் தொடங்கிய அந்த அரசு நிறுவனத்தின் செய்திச் சுருளோ ஆவணப்படமோ காட்டாமல் எந்தத் தியேட்டரும் படம் ஓட்டக் கூடாது என்று அன்று விதி இருந்தது. கம்பீரமான ஒரு குரல் வெள்ளத்தையும் அணையையும் கோதுமையையும் ஒரே சுருதியில் பேசும். மீனவர்களைக் காட்டும்போதும் அதே சுருதி: பழைய முறைகளை விட்டுவிடுங்கள், புதிய முறைகளைக் கற்றுக்கொள்ளுங்கள், கவனமாக இருங்கள். பின்னாளில் வந்த பாதுகாப்புப் படங்களில் உயிர்காப்பு மிதவை அங்கியும் மழைக் கோட்டும் சேர்ந்தன, குரல் மாறவில்லை. இந்தப் படங்களின்படி பாதுகாப்புக்குப் பொறுப்பு மீனவனே. அவன் படிக்க வேண்டும், வாங்க வேண்டும், மாட்டிக்கொள்ள வேண்டும். மாட்டாமல் செத்தால் அவன் பிழை.

‘நார்த் சீ’ சொன்ன பதில் வேறு. பொறுப்பு கரைக்கு. இரவெல்லாம் விழித்துக் கேட்கச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வை. அவன் தூங்காமல் பார்த்துக்கொள்.

இந்தப் பாடத்தை உலகம் கற்றுக்கொண்ட கதை பிரசித்தம். 1912 ஏப்ரல் 14 இரவு டைட்டானிக் பனிமலையில் மோதியபோது பக்கத்தில் ‘கலிஃபோர்னியன்’ என்ற கப்பல் நின்றிருந்தது. அதில் வானொலி இயக்குபவர் ஒருவர்தான். நாளெல்லாம் வேலை செய்துவிட்டு, மோதலுக்குச் சில நிமிடம் முன்னால் கருவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டார். 1,500 பேர் இறந்தார்கள். அவர் தூங்கியது தப்பில்லை. மாற்று ஆள் போடாததுதான் தப்பு. 1914 ஜனவரியில் 13 நாடுகள் லண்டனில் கையெழுத்திட்ட கடல் உயிர்ப் பாதுகாப்பு உடன்படிக்கை, கப்பல்களில் 24 மணி நேர வானொலிக் காவலை வலியுறுத்தியது. அந்த உடன்படிக்கையின் வாரிசு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் மீன்பிடிப் படகுகள் அதன் பெரும்பாலான விதிகளுக்கு வெளியே. மீன்பிடிக் கப்பல்களுக்காகத் தனியே 2012இல் கேப் டவுனில் ஏற்றுக்கொண்ட ஒப்பந்தமும் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமான கலங்களுக்குத்தான். விழிஞ்ஞத்து ஃபைபர் வள்ளம் அதில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். ஆண்டுக்கு 24,000 மீனவர்கள் கடலில் சாகிறார்கள் என்பது 1999இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சொன்ன மதிப்பீடு. 2022இல் வந்த ஓர் ஆய்வு அதை ஒரு லட்சத்துக்கும் மேல் என்கிறது. இரண்டு எண்ணுக்கும் இடையிலான தூரமே சொல்லிவிடுகிறது, இவர்களை யாரும் ஒழுங்காக எண்ணவில்லை என்று.

இங்கே ஒரு கிளைக்கதை. ‘நார்த் சீ’ எடுப்பதற்கு முன் ஹாரி வாட், ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியிடம் ‘மேன் ஆஃப் ஆரன்’ (1934) படத்தில் உதவியாளராக இருந்தவர். அயர்லாந்துத் தீவொன்றின் மீனவ வாழ்க்கையைக் காட்டும் அந்தப் படத்தில் சிறு படகு ஒன்று ராட்சத அலைக்குள் ஏறி இறங்கும் காட்சியைப் பார்த்து மூச்சடைக்காதவர் கிடையாது. அந்தப் படகில் இருந்தவர்கள் நிஜத் தீவுவாசிகள், அலையும் நிஜம். கேமராவுக்காக அவர்களை அந்தக் கடலுக்குள் இறக்கினார் ஃப்ளாஹர்ட்டி. நீந்தத் தெரியாதவர்களும் அதில் இருந்தார்கள். தான் அவர்களைச் செய்யச் சொன்ன காரியத்துக்குத் தன்னைச் சுட்டிருக்க வேண்டும் என்கிற அளவுக்குப் பின்னால் அவரே பேசினார். சுறா வேட்டைக் காட்சியும் அப்படித்தான். அந்த வேட்டையை அத்தீவு எப்போதோ கைவிட்டிருந்தது, படத்துக்காகக் கற்றுக்கொடுத்தார்கள். ஓய்வுபெற்ற பிறகு இந்தப் படத்தைப் பார்த்த நம்மவருக்கு அது எத்தனை அழகாக இருந்ததோ அத்தனை கோபமும் வந்தது. குருவிடம் பார்த்ததை வைத்துத்தான் சீடன் கேமராவை அலையிலிருந்து விலக்கி அறைக்குள் கொண்டுபோனாரோ என்பது அவருடைய ஊகம். ஆதாரம் இல்லாத ஊகம்தான், ஆனால் விட மனமில்லை.

2017 நவம்பர் 30. ஒக்கி.

இலங்கைக்கு அருகே உருவான தாழ்வு மண்டலம் குமரி முனையைச் சுற்றி மேற்கே திரும்பியபோது ஒரே நாளில் சூறாவளியானது. முந்தைய நாளே கடலுக்குப் போக வேண்டாம் என்ற பொதுவான அறிவிப்பு இருந்தது. சூறாவளி என்ற பெயரோடு வானிலைத் துறையின் எச்சரிக்கை வந்தது 30ஆம் தேதி நண்பகல் வாக்கில். பூந்துறையிலிருந்தும் விழிஞ்ஞத்திலிருந்தும் வள்ளங்கள் முந்தைய மாலையே போய்விட்டிருந்தன. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகுகள் ‘தங்கலுக்கு’ (பல நாள் கடலில் தங்கி மீன்பிடிக்க)ப் போய் நாட்கள் ஆகியிருந்தன. அறிவிப்பைக் கேட்டவர்கள் கரையில் இருந்தவர்கள் மட்டுமே. கரையிலிருந்து சற்றுத் தள்ளிப் போனாலே செல்போன் டவர் அறுந்துவிடும்; பெரிய படகுகளின் வயர்லெஸ்ஸும் அடுத்த படகு வரைக்கும்தான் எட்டும். கேரளத்திலும் குமரி மாவட்டத்திலுமாக மாண்டவர்களும் காணாமற்போனவர்களும் சேர்ந்து முந்நூறுக்கு மேல்.

கடலில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற எளிய கேள்விக்கு அந்த வாரம் யாரிடமும் பதில் இல்லை. புறப்படும்போது எழுதிவைக்கும் பதிவு எதுவும் கிடையாது. அரசு ஓர் எண்ணிக்கை சொன்னது, கோயில் பங்குகள் வேறு சொன்னன. கோயில் முற்றத்தில் மேசை போட்டு, வீடு வீடாகக் கேட்டு எழுதிய பட்டியல்களே கடைசியில் உருப்படியான கணக்காக நின்றன. கடற்படையும் கடலோரக் காவல் படையும் தேடின; தேடுகிற இடம் கரைக்கு மிகப் பக்கம், நீவாடு (கடல் நீரோட்டம்) அவர்களை வேறு பக்கம் இழுத்திருக்கும் என்று மீனவர்கள் கத்திச் சொன்னார்கள். பிறகு அவர்களே வள்ளமிறக்கித் தேடப் போனார்கள்.

டிசம்பர் 8இல் கேரளச் சர்வதேசத் திரைப்பட விழா. ஒக்கியை முன்னிட்டுத் தொடக்க விழாவை ரத்து செய்தார்கள், படங்கள் ஓடின. டாகூர் தியேட்டர் வாசலில் டெலிகேட் பாஸோடு வரிசையில் நின்றவர்களில் நம்மவரும் ஒருவர். பூந்துறை அங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம்தான். அங்கே ஆட்கள் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தார்கள், அல்லது திரும்பாமல் இருந்தார்கள். அவர் அந்த ஆண்டு பார்த்த படங்கள் எதையும் பற்றிப் பேசுவதில்லை.

ஒக்கிக்குப் பிறகு கருவிகள் வந்தன. விண்வெளித் துறையின் நாவிக் செயற்கைக்கோள் வழியே செய்தி பெறும் சின்னப் பெட்டி அதில் முதன்மை. 1963 நவம்பர் 21இல் இந்தியாவிலிருந்து முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பிய தும்பா ஒரு மீனவக் கிராமம். அங்கிருந்த மகதலா மரியாள் கோயில்தான் முதல் அலுவலகம். கடற்கரைக் குடும்பங்கள் அதற்காக இடம் மாறிக் கொடுத்தன. அந்த வகையில் விண்வெளித் துறை இந்தக் கரைக்குக் கொஞ்சம் கடன்பட்டிருக்கிறது. கருவி நல்ல கருவி. புயல் வருகிறது, மீன் இங்கே இருக்கிறது, எல்லை தாண்டாதே என்று கடலுக்கு நடுவிலும் செய்தி வரும். ஒரே சிக்கல், முதலில் வந்த பெட்டியில் வாங்க மட்டும்தான் முடியும். திருப்பிச் சொல்ல முடியாது. கரை பேசுகிறது, கடல் கேட்கிறது. விக் நிலையத்து ஆளின் வேலையைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது போலிருந்தது அவருக்கு.

முதலப்பொழி துறைமுக வாயிலைப் பற்றிப் பேசப் போனால் இன்னொரு கட்டுரை வேண்டும். அங்கே ஆழ்கடல்கூட வேண்டாம். கரையில் நிற்பவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அலைதடுப்புச் சுவர்களுக்கு நடுவே வள்ளம் கவிழ்கிறது. 2023 ஜூலை 10இல் நான்கு பேர் போனார்கள். அவர்கள் முதல் நால்வரும் அல்லர், கடைசி நால்வரும் அல்லர்.

2024இல் அவரும் நண்பர்கள் இரண்டு பேரும் தெற்கே ஒரு கடற்கரை ஊரின் வாசகசாலையில் ‘நார்த் சீ’யைப் போட்டுக் காட்டினார்கள். லேப்டாப், வாடகை புரொஜெக்டர், வெள்ளை வேட்டித் திரை. சப்டைட்டில் கிடையாது, அவரே மைக்கைப் பிடித்து வசனத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்தில் அவரை யாரும் கேட்கவில்லை. திரையில் கயிறு ஓடியதும் முன்வரிசைப் பெரியவர்கள் தங்களுக்குள் ஓட்டமாகப் பேசத் தொடங்கிவிட்டார்கள்.

“இது மடிபோட்டல்லா? இவனுகளும் அடியோட வாரித்தான் எடுக்கானுவ.”

இழுவலைப் படகின் மேல் நாட்டு வள்ளக்காரர்களுக்கு இருக்கும் பகை 1938க்கும் ஸ்காட்லாந்துக்கும் சலுகை கொடுக்கவில்லை. காலவர்ஷத்தில் இழுவலைக்குத் தடை விதிக்கக் கேட்டு இந்தக் கரை உண்ணாவிரதமும் மறியலும் நடத்தியிருக்கிறது. 1988இல்தான் தடை வந்தது. அபர்டீன்காரர்கள் மேல் யாருக்கும் அனுதாபம் பிறக்காது போலிருந்தது. புயல் தொடங்கியதும் எல்லாம் மாறிற்று. தண்ணீர் உள்ளே வந்தபோது ஒருவர் எழுந்து நின்று, திரையைப் பார்த்துச் சரக்கைத் தூக்கிப் போடச் சொன்னார். எதிர்க்காற்றுக்கு மூக்கைக் கொடுத்து நிற்கிற படகைப் பார்த்து, “ஆளு பழகினவன், கொள்ளாம்” என்றார் இன்னொருவர். இழுவலைக்காரன் என்பதை அதற்குள் மறந்துவிட்டார்கள்.

விக் நிலையக் காட்சிகளில் ஆண்கள் பக்கம் பீடிக்கு வெளியே போய் வந்தார்கள். பெண்கள் பக்கம் அமைதியானது அப்போதுதான். ஒக்கி வாரத்தில் கோயில் முற்றத்து மேசையில் உட்கார்ந்து பெயர் எழுதியவர்களில் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். படம் முடிந்ததும் அவர்களில் ஒருவர் கேட்டது: “அந்த சார், போட்டு பேரு, ஆளு பேரு எல்லாம் முந்தியே தெரிஞ்சு வச்சிருக்காரே, நம்ம ஊர்ல அதை எழுதுறது யாரு?” வாசகசாலைச் செயலாளர், துறைமுகத்தில் இப்போது ஆன்லைனில் பதிவு இருக்கிறது என்றார். கரையிலிருந்து நேரே அலையில் தள்ளி இறக்கும் வள்ளத்துக்கு எந்தத் துறைமுகம் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். விவாதம் சூடானது. கடலோரக் காவல் படையின் இலவச எண் 1554ஐச் சுவரில் எழுதிப்போட வேண்டும் என்றார் ஒருவர். டவர் இல்லாத இடத்தில் சுவரில் எழுதி என்ன பயன் என்றார் அடுத்தவர்.

கல்லூரிப் பையன் ஒருவன் எழுந்தான். அந்த ஆண்டு ஜனவரியில் விண்வெளித் துறை வெளியிட்ட இரண்டாம் தலைமுறை அபாய அறிவிப்புக் கருவியைப் பற்றி அவன் நன்றாகப் படித்திருந்தான். கடலில் பட்டனை அழுத்தினால் செயற்கைக்கோள் வழியே செய்தி போகும். அழுத்தியவன் எங்கே இருக்கிறான் என்று தெரியும். முக்கியமாக, உன் செய்தி வந்து சேர்ந்தது என்ற பதில் படகுக்குத் திரும்பி வரும். முன்பு இல்லாத வசதி அது. மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னான்.

“பதில் வருமா? அது வேணும்,” என்றார் முன்வரிசையில் ஒரு பெரியவர். “எங்க இருந்து வரும்?”

“பெங்களூர்ல இருந்து, தாத்தா. கண்ட்ரோல் சென்டர் அங்கதான்.”

“பெங்களூர்லயா? அங்க ஏது கடலு?”

வாசகசாலை முழுக்கச் சிரித்தது. பையன் விடவில்லை. செயற்கைக்கோள், பெங்களூர், அங்கிருந்து கடலோரக் காவல் படை, கப்பல் என்று கையாலேயே காற்றில் படம் வரைந்து காட்டினான். கருவியைச் செல்போனோடு இணைத்து வரும் செய்தியைத் தாய்மொழியிலேயே வாசிக்கலாம் என்றான். பெரியவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“வாசிக்கிறது சரி மக்களே. நாம ஒண்ணு சொன்னா அவியளுக்கு மனசிலாகுமா?”